ஓரடி இரும்பைத் தேடி

சொந்த லேத்தில் சின்னச் சின்ன இயந்திரங்கள் செய்யும் ஆர்வலர்களை டன் கணக்கில் விற்கும் சந்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவர்களுக்குக் கட்டுப்படியாகும் உலோகம் மிச்சத்திலும் கழிவிலும்தான் இருக்கிறது. ஆனால் அதை அடையாளம் காணத் தெரிந்தவருக்கு மட்டுமே அது மலிவு.

இந்தியாவில் இரும்புக்குப் பஞ்சமில்லை. 2018-ல் ஜப்பானை முந்திக்கொண்டு, உருக்கு உற்பத்தியில் உலகின் இரண்டாவது பெரிய நாடாகிவிட்டது இந்தியா. 2023-ல் மட்டும் இங்கே சுமார் 14 கோடி டன் கச்சா உருக்கு உற்பத்தியானது. ஆனால் இரண்டு அங்குல விட்டத்தில் நல்ல எஃகு ராடு ஓரடி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எந்தப் பெருநகரின் இரும்புச் சந்தைக்குள் நுழைந்தாலும், நின்று பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். டில்லி நராய்னாவின் லோஹா மண்டியிலும் நவி மும்பையின் கலம்போலி சந்தையிலும் வியாபாரம் லாரிக் கணக்கில் நடக்கிறது. ஓரடி கேட்பவரை அங்கே வழி தவறி வந்தவராகத்தான் பார்ப்பார்கள்.

ஆனாலும் கேட்பவர்கள் இருக்கவே செய்கிறார்கள். ஓய்வு பெற்றபின் கார் ஷெட்டில் லேத் போட்டுக்கொண்ட பொறியாளர், உள்ளங்கை அளவில் நீராவி என்ஜின் செய்பவர், தொலைநோக்கிக்குத் தாங்கி கடைபவர், தாத்தா காலத்துச் சுவர்க்கடிகாரத்துக்குப் பல்சக்கரம் வெட்டுபவர், போட்டிக்காகப் பந்தய வண்டி கட்டும் கல்லூரி மாணவர்கள் என்று பல ரகம். பஞ்சாபின் பட்டாலாவிலும் குஜராத்தின் ராஜ்கோட்டிலும் தயாராகும் சிறிய லேத்களும், சீனாவிலிருந்து வரும் மேஜை லேத்களும் இவர்களுக்கு இயந்திரப் பிரச்சினையை ஓரளவு தீர்த்துவிட்டன. ஆனால் இயந்திரத்துக்குச் செலவு ஒரு தடவைதான். உலோகத்துக்கோ ஒவ்வொரு தடவையும் பையைத் தடவ வேண்டியிருக்கிறது. அதிலும் கற்றுக்கொள்ளும் காலத்தில் உருப்படியாவதைவிடப் பாழாவதே அதிகம்.

இதற்கு விடை, உலோக வியாபாரத்தின் கடைசிப் படியில் இருக்கிறது. பட்டறைகள் ஒதுக்கும் கடைசித் துண்டிலும், பழைய இரும்புக் கடைக் குவியலிலும் நல்ல உலோகம் கிலோ கணக்கில் கிடைக்கிறது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. புது ராடு பெயரோடு வருகிறது. பழைய துண்டுக்குப் பெயர் கிடையாது. பெயர் தெரியாத உலோகம் சில சமயம் வெட்டும் கருவியை உடைக்கிறது. 2010-ல் டில்லியில் அது ஓர் உயிரையே பறித்தது.

சூத்திரம் சொல்லும் கதை

ஆர்வலரின் சங்கடத்தைப் புரிந்துகொள்ள, கட்டட மேஸ்திரிகளுக்குக்கூட மனப்பாடமான ஒரு சூத்திரம் போதும். ராடின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் ராடின் எடை கிலோவில் கிடைக்கும். 50 மி.மீ. ராடு என்றால் மீட்டருக்கு 15.4 கிலோ. உருட்டாலையிலிருந்து வரும் ராடுகள் சாதாரணமாக ஐந்தாறு மீட்டர் நீளம் இருக்கும். ஆறு மீட்டர் ராடு 92 கிலோவைத் தாண்டும். ஆர்வலருக்கு வேண்டிய ஓரடியின் எடை 4.7 கிலோ. மீதியை வாங்கிக்கொண்டு போய் எங்கே வைப்பது?

அறுத்துத் தரச் சொன்னால் வியாபாரி முகம் சுளிப்பதிலும் நியாயம் இருக்கிறது. ரம்பம் ஓடும் நேரம், பிளேடு தேய்மானம், ஆள் கூலி எல்லாம் ஓரடிக்கும் ஒன்றுதான், ஆறு மீட்டருக்கும் ஒன்றுதான். ஓரடி போனபின் மிஞ்சும் ராடு முழு நீளம் கேட்கும் வாடிக்கையாளருக்கு உதவாது. எனவே வெட்டிக் கொடுப்பவர் அந்த நஷ்டத்தையும் விலையில் சேர்க்கிறார். இணையம் வழியாகத் துண்டு போட்டு விற்பவர்களும் இப்போது வந்துவிட்டார்கள். வேண்டிய ரகத்தை வேண்டிய நீளத்தில் பெற அது நல்ல வழி. ஆனால் இரும்பு கனமான சரக்கு. கூரியர் கட்டணம் சில சமயம் உலோகத்தின் விலையையே எட்டிப் பிடிக்கும். இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.

அதே சூத்திரம் இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது. பித்தளை ராடின் எடை, அதே அளவுள்ள எஃகு ராடைவிடச் சுமார் எட்டு சதவீதம் அதிகம். அலுமினியத்துக்கோ எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். கிலோ விலையில் அலுமினியம் சாதாரண இரும்பைப்போலச் சுமார் நாலைந்து மடங்கு என்பதைப் பார்த்துப் பலர் மிரண்டுபோகிறார்கள். ஆனால் லேத்தில் ஏறுவது கிலோ இல்லை, கன அளவு. எடை மூன்றில் ஒன்றாகக் குறைவதால் ஒரே அளவுள்ள துண்டுக்கு வித்தியாசம் ஒன்றரை மடங்கு அளவில் வந்து நிற்கும். சின்ன லேத்தில் அலுமினியம் வேகமாக வெட்டுப்படும், கருவியும் நீடித்து உழைக்கும் என்பதைக் கணக்கில் எடுத்தால், கற்றுக்கொள்பவருக்கு அது விலை அதிகமான உலோகமே இல்லை. பித்தளையின் கதை வேறு. எடையும் கூடுதல், விலையும் கூடுதல். அதை மிச்சத்தில் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

கடைசித் துண்டின் வியாபாரம்

மிச்சம் எப்படி உருவாகிறது? ஒரு ஜாப் ஒர்க் பட்டறை ஆறு மீட்டர் ராடை வாங்கி, நூறு மி.மீ. நீளத்துக்கு ஷாஃப்ட் கடைந்துகொண்டே வருகிறது. ராடின் கடைசி முனையைச் சக் பிடித்திருக்கும். அந்த நீளத்தில் உருப்படி எடுக்க முடியாது. சி.என்.சி. இயந்திரங்கள் விட்டுவைக்கும் முனை இன்னும் நீளம். ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்யும் பட்டறைக்கு அது குப்பை. பெட்டியில் சேர்ந்து, மாதக் கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போய்விடும். நீராவி என்ஜின் செய்பவருக்கோ அதே துண்டு ஒரு சிலிண்டர்.

ஆர்வலர் தலையிட வேண்டிய இடம் இதுதான். பட்டறைக்காரருக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும், புது ராடின் விலையைவிட அது மிகக் குறைவாகவே இருக்கும். இரு தரப்புக்கும் லாபம். பெங்களூர் பீன்யா, சென்னை அம்பத்தூர், புனேயின் போசரி, டில்லி ஓக்லா, ஹவுராவின் பெலிலியஸ் ரோடு என்று பட்டறைகள் நெருங்கிக் கிடக்கும் எந்தப் பகுதியிலும் இந்த வழி செல்லுபடியாகும். முதலாளியைவிட ஃபோர்மேனைப் பிடிப்பது பலன் தரும். எந்தப் பெட்டியில் எந்த ரகம் விழுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். செய்து முடித்த சின்ன என்ஜின் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் வேலை இன்னும் சுலபம். உலோகத்தோடு பிழைப்பவர்கள் உலோகத்தில் செய்த அழகான பொருளைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது அரிது.

இந்த மிச்சங்களை மொத்தமாக வாங்கி, ரகம் பிரித்து, கிலோவுக்கு விற்கும் கடைகளும் உண்டு. மும்பையில் பித்தளை, செம்பு, அலுமினியம் என்றால் குலால்வாடி, கீகா ஸ்ட்ரீட்; கருவிகளுக்கு அருகிலேயே நாக்தேவி தெரு. பழைய டில்லியில் சாவ்ரி பஜார் பித்தளைக்கும் செம்புக்கும் பெயர்பெற்றது. சென்னையில் பாரிமுனையை அடுத்த செம்புதாஸ் தெரு. இங்கெல்லாம் எடுபடும் வழி ஒன்றுதான்: ஒற்றைத் துண்டுக்குப் பேரம் பேசாமல், பல அளவுகளில் நாலைந்து கிலோவாகச் சேர்த்து எடுப்பது. இன்று தேவையில்லாத அளவு அடுத்த மாதம் தேவைப்படும். இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் திட்டத்தை வரைந்துவிட்டு உலோகம் தேடுவதில்லை. கிடைத்த உலோகத்துக்கு ஏற்பத் திட்டத்தை வளைத்துக்கொள்கிறார்கள்.

கடைக்குள் நுழையுமுன் சந்தையின் பாஷை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 'எம்.எஸ்.' என்றால் சாதாரண மென் எஃகு. 'இ.என்.8' என்பது சுமார் 0.4 சதவீதம் கார்பன் உள்ள, ஷாஃப்டுகளுக்கான எஃகு. 'இ.என்.24' நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த வலுவான ரகம். 'இ.என்.31' பேரிங் எஃகு. 'இ.என்.1ஏ' கந்தகம் சேர்த்து, சுலபமாக வெட்டுப்படுவதற்கென்றே தயாரித்தது. சின்ன லேத்துக்கு இதைவிடப் பொருத்தமான எஃகு இல்லை. இந்த இ.என். எண்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் பிறந்தவை. பிரிட்டன் வேறு எண்முறைக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இந்திய பஜாரில் மட்டும் அவை ஆயுசு கெட்டியாக இருக்கின்றன.

ராடின் முனையில் வியாபாரி பூசும் வண்ணம் ரகத்தைக் காட்டும். ஆனால் எந்த ரகத்துக்கு எந்த வண்ணம் என்பது கடைக்குக் கடை மாறலாம் என்பதால் கேட்டு எழுதிக்கொள்வது உத்தமம். வீட்டுக்கு வந்தபின் வண்ணம் இல்லாத முனையிலிருந்தே அறுக்க வேண்டும். வண்ணம் உள்ள முனையை முதலில் அறுத்தெறிபவர், அந்த ராடின் பெயரையும் சேர்த்தே எறிகிறார். 'பிரைட்' ராடுக்கும் 'கருப்பு' ராடுக்கும் உள்ள வித்தியாசமும் முக்கியம். குளிர்நிலையில் இழுத்த பிரைட் ராடு அளவு சுத்தமாக, பளபளப்பாக இருக்கும். ஆனால் உள்ளே இறுக்கம் தேங்கியிருப்பதால் ஒரு பக்கம் மட்டும் சீவினால் வளைந்துகொள்ளும். கருப்பு ராடு பார்க்க அழுக்கு, மேல்தோலை எடுத்தால் சாது.

குவியலுக்குள் ஒரு கிடங்கு

அடுத்த படி பழைய இரும்புக் கடை. தமிழ்நாட்டில் காயலான் கடை, வடக்கே கபாடி. கடையில் கிடப்பது பழைய சாமான் என்று பார்ப்பவருக்கு அது குப்பைமேடு. எந்தச் சாமானை எந்த உலோகத்தில் செய்திருப்பார்கள் என்று யோசிக்கத் தெரிந்தவருக்கு அது கிடங்கு.

எரிந்துபோன மின்மோட்டாரின் ஷாஃப்ட் பெரும்பாலும் இ.என்.8 போன்ற நடுத்தர கார்பன் எஃகு. லாரியின் பட்டை ஸ்பிரிங் சிலிக்கன் கலந்த எஃகு. வெட்டுளிகளுக்கும் கைக்கருவிகளுக்கும் ஏற்றது. பேரிங்கின் வளையங்கள் சுமார் ஒரு சதவீதம் கார்பன் உள்ள குரோமியம் எஃகு. அப்படியே லேத்தில் ஏற்றினால் கருவிதான் தேயும். காந்தம் ஒட்டாத அளவுக்கு, அதாவது சுமார் 770 டிகிரியைத் தாண்டிச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டால் வழிக்கு வரும். கிராமத்துக் கொல்லர்களுக்கு இது புதிய வித்தை இல்லை. ஜே.சி.பி.யின் ஹைட்ராலிக் ராடு மேலே கெட்டியான குரோமிய முலாம், உள்ளே நல்ல எஃகு. முதல் வெட்டே முலாமுக்குக் கீழே இறங்க வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிலும் ஸ்கேனரிலும் இருக்கும் வழுவழுப்பான கம்பிகள் அளவு பிசகாத ராடுகள். சின்ன என்ஜின்களுக்கு அப்படியே ஷாஃப்ட் ஆகும்.

வார்ப்பிரும்பு வேண்டுமா? எலெக்ட்ரானிக் தராசு வந்தபின் மதிப்பிழந்த எடைக்கற்கள் இருக்கின்றன. பிஸ்டனுக்கும் சிறு சிலிண்டருக்கும் வார்ப்பிரும்பைப்போல உகந்தது வேறில்லை. எடையைச் சரிசெய்ய அவற்றின் அடியில் ஈயம் ஊற்றியிருப்பார்கள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஈயத்தை முதலில் எடுத்துவிட்டு, கைகழுவிவிட்டே சாப்பிட வேண்டும். வார்ப்பின் மேல்தோல் மணலும் கடினமுமாக இருக்கும். மெல்லச் சுரண்டாமல் ஒரே வெட்டில் தோலுக்குக் கீழே போவதுதான் சரி. ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் பிஸ்டன்கள் சிலிக்கன் கலந்த அலுமினியம். உருக்கி வார்க்க அருமையானவை.

ஏமாற்றும் சரக்கும் உண்டு. அதில் முதலிடம் கட்டுமானக் கம்பிக்கு. எங்கும் துண்டு துண்டாகக் கிடக்கும் டி.எம்.டி. கம்பியின் வெளிவட்டம் தண்ணீரில் திடீரென்று குளிரவைத்துக் கடினமாக்கப்பட்டது, உள்ளே மென்மை. வெளியே கருவியைக் கொல்லும், உள்ளே பிசிறடிக்கும். இலவசமாகக் கொடுத்தாலும் லேத்துக்கு அது லாபமில்லை. பழைய குழாய்களின் பித்தளைப் பாகங்களில் வார்ப்பின்போது உண்டான காற்றுக்குமிழ்கள் ஒளிந்திருக்கும். மின்பலகைகளிலிருந்து வரும் சுத்தமான செம்புப் பட்டை கடத்தியாக உயர்ந்தது. லேத்தில் மிட்டாய்போல இழுக்கும்.

பித்தளை தேடுபவர்கள் குஜராத்தின் ஜாம்நகரை அறிந்திருப்பது நல்லது. வெளிநாடுகளிலிருந்து வரும் பழைய பித்தளையை உருக்கி ராடாக்கி, திருகுகளும் மின்சாதன உதிரிகளும் செய்யும் ஆயிரக்கணக்கான சிறு ஆலைகள் அங்கே உள்ளன. கடைகளில் ஐ.எஸ். 319 என்று கேட்டால் கிடைக்கும் ராடு இந்த ரகம்தான். அதில் கலந்திருக்கும் சிறிதளவு ஈயம் சீவலை நொறுக்கித் தள்ளும், கண்ணாடிபோல் கடையலாம். ஆனால் குடிநீரோ உணவோ படும் பொருளுக்கு அது ஆகாது. அதே குஜராத்தின் பாவ்நகர் அருகே, 1983-லிருந்து கப்பல்களைக் கரையேற்றி உடைக்கும் அலங், இன்னொரு பெரிய ஊற்று. கப்பலின் தகடுகள் பல உருக்கப்படாமலேயே உருட்டாலைக்குப் போய்க் கம்பியாகின்றன. வால்வுகள், வெண்கல புஷ்கள், புரொப்பெல்லர் துண்டுகள் என்று அங்கிருந்து புறப்படும் சரக்கு நாடெங்கும் பழைய சாமான் கடைகளை எட்டுகிறது.

காந்தம், அரம், தீப்பொறி

பெயரில்லாத துண்டுக்குப் பெயர் வைப்பது எப்படி? ஆய்வுக்கூடத்தில் கொடுத்துக் கூறுகளைப் பிரித்தறிய ஆகும் செலவு, துண்டின் விலையைத் தாண்டிவிடும். ஆனால் பட்டறைகளில் தலைமுறைகளாக நடக்கும் சோதனைகள் காசில்லாதவை.

முதலில் காந்தம். ஒட்டினால் இரும்பு வகை. ஒட்டாவிட்டால் அலுமினியம், பித்தளை, அல்லது எவர்சில்வரில் ஒரு வகை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. காந்தம் ஒட்டாத எவர்சில்வர் எல்லாம் உயர்ந்த 304 ரகம் என்ற நம்பிக்கை சந்தையில் பரவலாக உண்டு. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசை எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது. இந்தியப் பாத்திரச் சந்தையில் தாராளமாகப் புழங்குவது அதுதான். இரண்டையும் பிரித்துக்காட்டும் சோதனைத் திரவம் எவர்சில்வர் வியாபாரிகளிடம் கிடைக்கும்.

அடுத்தது அரம். அரம் வழுக்கினால் உலோகம் கடினமாக்கப்பட்டது. லேத்தில் ஏற்றுமுன் காய்ச்சி ஆற்ற வேண்டும். மூன்றாவது சாணைக்கல்லின் தீப்பொறி. மென் எஃகு நீண்ட, வெளிர்நிறக் கோடுகளாகப் பறக்கும். பொறி அதிகம் வெடிக்காது. கார்பன் கூடக்கூட நட்சத்திரங்களாக வெடிக்கும். வார்ப்பிரும்பின் பொறி குட்டை, மங்கிய சிவப்பு. ஹைஸ்பீடு எஃகு அதைவிட அரிதாக, மங்கலாக எரியும். பெயர் தெரிந்த துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து மாறி மாறித் தீட்டிப் பார்த்தால் கண் சீக்கிரம் பழகிவிடும். கண்ணாடி அணியாமல் செய்யக் கூடாது. அலுமினியத்தையும் பித்தளையையும் சாணைக்கல்லில் வைக்கவே கூடாது. கல்லின் துளைகளை அவை அடைத்துக்கொள்ளும். அடைபட்ட கல் சூடேறிச் சிதறக்கூடும்.

நான்காவது, சமையலறைத் தராசும் ஒரு குவளைத் தண்ணீரும். துண்டின் எடையை, அது மூழ்கும்போது உயரும் தண்ணீரின் அளவால் வகுத்தால் அடர்த்தி தெரிந்துவிடும். 850 கிராம் துண்டு 100 மில்லி தண்ணீரை உயர்த்தினால் 8.5, பித்தளை. எஃகு 7.85, வார்ப்பிரும்பு 7.2 அளவில், அலுமினியம் 2.7. கணக்கு 1.8 பக்கம் வந்தால் எச்சரிக்கை: அது மெக்னீசியம். பார்க்க அலுமினியம்போலவே இருக்கும். ஒரு சொட்டு வினிகர் விட்டால் குமிழிவிட்டுக் காட்டிக்கொடுக்கும். அதன் மெல்லிய சீவல் தீப்பிடிக்கும்; அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும். காய்ந்த மணலால்தான் மூட வேண்டும்.

மாயாபுரி சொன்ன பாடம்

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் அகப்படாத ஆபத்து ஒன்று உண்டு. 2010 ஏப்ரலில் டில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் வேலை செய்தவர்கள் தோல் கருகி, முடி கொட்டி, மருத்துவமனைகளில் வந்து விழுந்தார்கள். காரணம், டில்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985-லிருந்து பயன்படாமல் கிடந்து, 2010 பிப்ரவரியில் ஏலத்தில் போன ஒரு காமா கதிர்வீச்சுக் கருவி. உள்ளே கோபால்ட்-60 இருப்பது ஏலம் எடுத்தவருக்கும் தெரியாது, பிரித்துப் போட்டவர்களுக்கும் தெரியாது. பளபளத்த துண்டு ஒன்றை ஒருவர் பர்ஸில் வைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் இறந்தார், மேலும் பலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். அணு விபத்துகளை அளக்கும் சர்வதேச அளவுகோலில் அது நான்காவது நிலை.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2008-ல், பிரான்ஸில் லிஃப்ட் பொத்தான்களில் அதே கோபால்ட்-60 கண்டுபிடிக்கப்பட்டது. பொத்தான்களுக்கான எஃகு இந்தியாவிலிருந்து போனது. பழைய இரும்போடு கலந்து உருகிவிட்ட கதிரியக்கப் பொருளைக் கண்ணாலோ அரத்தாலோ கண்டுபிடிக்க முடியாது. 2004-ல் டில்லியை அடுத்த காஜியாபாத் பகுதியில், இறக்குமதியான பழைய இரும்புக்குள் இருந்த வெடிகுண்டு ஒன்று ஓர் உருக்காலையில் வெடித்து 10 பேர் இறந்தார்கள்.

கிலோ நாலைந்து வாங்கும் ஆர்வலருக்கு இதிலெல்லாம் என்ன பாடம்? மூடிய எந்த உருளையையும் தானே அறுக்கக் கூடாது. பயன்பாடு தெரியாத மருத்துவ, ஆய்வுக்கூடக் கருவிகளின் பாகங்களைத் தொடக் கூடாது. அளவுக்குப் பொருந்தாத கனம் உள்ள பெட்டியைக் கண்டால் விலகிவிட வேண்டும். கதிர்வீச்சைத் தடுக்கும் ஈயமே அந்தக் கனத்துக்குக் காரணமாக இருக்கலாம். மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் கொண்ட கதிரியக்கச் சின்னமும், 2007-ல் அறிமுகமான சிவப்பு முக்கோணமும் கடைக்காரருக்கே தெரிந்திராமல் போகலாம். பார்த்தவர் போலீசுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

சட்டத்தின் கண்ணும் இந்தக் குவியல்மேல் இருக்கிறது. தண்டவாளத் துண்டு மலிவான பட்டறைக்கல் என்பதால் ஆர்வலர்கள் அதற்கு ஆசைப்படுவதுண்டு. ஆனால் ரயில்வே தன் பழைய இரும்பை ஏலத்தில்தான் விற்கிறது. திருட்டுச் சரக்கு என்று சந்தேகிக்க இடமுள்ள ரயில்வே சொத்தை வைத்திருந்து, அது முறையாக வந்தது என்று காட்ட முடியாதவருக்கு, 1966-ம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. ஏலச் சரக்கு என்பதற்கான பில் இல்லாத தண்டவாளம் எந்த விலைக்கும் மலிவு ஆகாது.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்

பெயர் தெரியாத உலோகத்தில் கைப்பிடி செய்யலாம், தாங்கி செய்யலாம், கருவிப்பிடி செய்யலாம். தப்பாகிப்போனால் நஷ்டம் ஒரு மாலைப்பொழுதுதான். ஆனால் உடைந்தால் ஆளைத் தாக்கும் பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

நீராவி என்ஜினின் கொதிகலன் இதற்கு நல்ல உதாரணம். 25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவை இந்தியக் கொதிகலன் சட்டத்தின் வரையறை சேர்ப்பதில்லை. எனவே மேஜைமேல் ஓடும் பொம்மைக் கொதிகலனைச் சோதிக்க எந்த ஆய்வாளரும் வருவதில்லை. சட்டம் விட்டுவிட்டாலும் நீராவி விடுவதில்லை. பித்தளைக் குழாய் மலிவாகக் கிடைத்தது என்று கொதிகலன் செய்தால், வெந்நீரில் துத்தநாகம் மெல்ல வெளியேறி, பஞ்சுபோல் பலமிழந்த செம்பு மிஞ்சும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. அதனால்தான் சின்னக் கொதிகலன்களைச் செம்பில், வெள்ளிப் பற்று வைத்துச் செய்கிறார்கள். வேகமாகச் சுழலும் ஃப்ளைவீலும் அப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால் அதைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நான்கு மடங்காகிறது. விரிசல் ஒளிந்திருக்கும் பழைய வார்ப்பு அங்கே வேண்டாத விருந்தாளி.

மாணவர்களின் போட்டிகள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன. பாஜா போட்டியில் வண்டியோட்டியைக் காக்கும் கூண்டின் குழாயில் குறைந்தது 0.18 சதவீதம் கார்பன் இருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைச் சான்றிதழ்தான் சொல்லும். அத்தகைய இடங்களில் பில்லும் சான்றிதழும் உள்ள புது உலோகத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, உண்மையில் அந்தக் காகிதத்துக்கான விலை. அது கொடுக்க வேண்டிய விலை.

மற்றதெல்லாம் கடைசித் துண்டுகளின் ராஜ்யம். கண்டுபிடித்த பெயரைத் துண்டின்மேலேயே எண் உளியால் குத்தி வைப்பவர், வண்ணம் பூசி அடுக்கி வைப்பவர், எங்கே வாங்கினோம் என்று நோட்டில் குறிப்பவர் ஆகியோரின் கிடங்கு வருஷத்துக்கு வருஷம் மதிப்புக் கூடுகிறது. எழுதி வைக்காதவரின் கிடங்கோ இன்னொரு காயலான் கடையாகிவிடுகிறது. 14 கோடி டன் உருக்கும் நாட்டில் ஓரடி இரும்பு கிடைக்காமல் போவதில்லை. அந்த ஓரடி என்ன என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் குறைவு.